சுகவீனர் பட்டியலில் என் பெயர்

மார்பில் இருந்த கட்டி கேன்சர்தான் என்று தெரிந்த அன்றைக்கு நான் ஜெபிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சபையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் பெரும்பாலும் "உடனே முழங்காலில் நின்றேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் பயாப்சி ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, இறங்கிய இடத்தில் இரண்டு தேங்காய் வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சட்னி அரைத்துவிட்டு அப்புறம்தான் இவரிடம் சொன்னேன்.

அது 2019. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு ரேடியேஷன். முதல் நான்கு தடவை 21 நாளைக்கு ஒருமுறை அந்தச் சிவப்பு மருந்து. இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஏற்றும் முன்பே எக்கோ எடுத்துப் பார்த்துவிடுவார்கள். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, பாத்ரூமில் நின்று அலறிவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனம் கொண்டுவந்தார்கள். அன்பால்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீரே தகரம் மாதிரி ருசிக்கும்போது, ஒவ்வொரு வசனத்துக்கும் சிரித்து "ஆமென்" சொல்வது தனி வேலையாகிவிட்டது. மூன்றாவது கீமோ முடிந்த வாரத்தில் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் வேதத்தின் பக்கங்களைப் புரட்டியபோது சங்கீதம் 88 கண்ணில் பட்டது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியாவது சுற்றிவந்து நம்பிக்கையில் முடிந்துவிடும், இது இருட்டிலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் அந்த ஆள் ஆண்டவரைக் கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. இப்படியும் ஜெபிக்கலாம் என்று வேதத்துக்குள்ளேயே இருக்கிறதே என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. பாதி நாள் அதையும் வாசிக்கத் தெம்பிருக்காது, புத்தகம் வயிற்றின்மேல் கவிழ்ந்து கிடக்கும்.

மதினி ஒருநாள், "விசுவாசம் இருந்தா ஊசி எதுக்கு?" என்று கேட்டார்கள். வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுப்பதாகச் சொன்ன அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் போடவும் சொன்னார், அதையும் சேர்த்து வாசியுங்கள் மதினி என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் இந்தப் பேச்சு எவ்வளவு ஆபத்து என்று அடுத்த கீமோவுக்குப் பிறகு புரிந்தது. பத்தாம் நாள் ராத்திரி ஜுரம் 101. கீமோ நேரத்தில் 100.4 தொட்டாலே உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் ஜெபம் பண்ணிவிட்டுப் புறப்படலாம் என்றார்கள். ஆட்டோவில் ஏறிக்கொண்டே பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஐந்து நாள் அட்மிஷன், ஆன்டிபயாடிக்.

வெள்ளை அணு கவுண்ட் குறைவாக இருந்ததால் கூட்டத்துக்குப் போகக்கூடாது, திருவிருந்தில் பொதுக் கிண்ணத்தில் குடிக்கவும் கூடாது. அதனால் எங்கள் சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கே திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் மாத்திரை டப்பாக்களை ஒதுக்கிவிட்டு வெள்ளைத் துணி விரித்தோம். திராட்சரசம் வாய்ப்புண்ணில் பட்டதும் சுரீரென்று எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உருக்கத்தில் அழுகிறேன் என்று இவர் நினைத்துக்கொண்டார். ஐயருக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து அப்பத்தின் ஓரத்தை மட்டும் ரசத்தில் லேசாகத் தொட்டுக் கொடுத்தார்கள். அத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல் அதுதான் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

கோவிலில் ஞாயிறுதோறும் சுகவீனர் பட்டியலில் என் பெயரை வாசித்தார்கள். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது, ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று. பிறகு, எனக்கு ஜெபம் வராத வாரத்திலும் அங்கே யாரோ என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவரை தாக்குப்பிடிப்பேன்.

இப்போது மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒரு செக்கப்பும்தான். அதற்கு முந்தின ராத்திரி இன்னும் தூங்குவதில்லை. 12 வாரம் போட்ட இரண்டாவது மருந்தால் கால்விரல்கள் மரத்தது மரத்ததுதான், திருவிருந்துக்கு முழங்கால்படியிட்டு எழும்பும்போது தரை தெரியாது, இவர் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்.