ஸ்டார் டிரெக்கின் இரண்டு காலவரிசைகளை ஒரே ஷீட்டில் போட்டுப் பார்த்தேன்

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரைப் பார்க்கும் எங்கள் கூட்டத்தில் ஒரு சண்டை 2009-லிருந்து ஓய்ந்தபாடில்லை. ஜே.ஜே. ஏப்ரம்ஸ் இயக்கி அந்த ஆண்டு வந்த படம், எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தின் கேப்டன் கிர்க், அவருடைய துணை அதிகாரி ஸ்பாக் ஆகியோரின் கதையைப் புது நடிகர்களோடு முதலிலிருந்து தொடங்கியது. பழசை மூட்டை கட்டிவிட்டு இனி இதையே அசல் கதையாக வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. 1966-லிருந்து சேர்ந்து வந்த கதையைத் தூக்கிப்போட இவர்கள் யார் என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் நினைவில் இருப்பதை வைத்துத்தான் வாதாடுகிறார்கள். சரி, ஆண்டுவாரியாக எழுதியே பார்த்துவிடுவோம் என்று ஓர் எக்செல் ஷீட்டைத் திறந்தேன். அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: திரையில் வந்தது மட்டும்தான் கணக்கு. நாவல், காமிக்ஸ், பேட்டி எதுவும் கிடையாது. கதைக்குள் வரும் ஆண்டு, என்ன நடந்தது, எந்த எபிசோட் அல்லது படம், அப்புறம் நிறம். பழைய பிரைம் டைம்லைனுக்கு நீலம், புதுப் படங்களின் கெல்வின் டைம்லைனுக்குச் சிவப்பு.

பிரியும் இடம் 2233. எதிர்காலத்தில், 2387-ல், ரோமுலஸ் கிரகம் ஒரு சூப்பர்நோவாவில் அழிந்துபோக, நீரோ என்ற ரோமுலன் காலத்தில் பின்னோக்கி வந்து விழுகிறான். வந்த வேகத்தில் கெல்வின் என்ற கப்பலைத் தாக்குகிறான். கிர்க்கின் அப்பா சாகிறார், அதே நேரத்தில் கிர்க் பிறக்கிறான். அங்கிருந்து கதை வேறு பாதை. ஆக, 2233-க்கு முன்னால் இருக்கும் வரிசைகளுக்கு நிறமே தேவையில்லை, இரண்டுக்கும் பொது.

அந்தப் பொதுப் பகுதியை நிரப்பும்போதுதான் வேடிக்கை தொடங்கியது. அங்கே வந்து உட்கார்ந்தது பெரும்பாலும் ‘எண்டர்பிரைஸ்’ தொடர். 2001-லிருந்து 2005 வரை 98 எபிசோடுகள் ஓடி, நான்காவது சீசனோடு நிறுத்தப்பட்ட தொடர் அது. ரசிகர்களில் பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் கதை 2151-ல் தொடங்குவதால், முழுத் தொடராக இரண்டு காலவரிசைகளுக்கும் வேராக நிற்பது அது ஒன்றுதான். படங்களும் இதை ஒப்புக்கொள்கின்றன. 2009 படத்தில் அட்மிரல் ஆர்ச்சரின் (‘எண்டர்பிரைஸ்’ தொடரின் நாயகன்) நாயை டிரான்ஸ்போர்ட்டரில் அனுப்பித் தொலைத்த கதையை எஞ்சினியர் ஸ்காட்டி சொல்கிறார். 2016-ல் வந்த ‘பியாண்ட்’ படத்தின் வில்லன் ஒரு முன்னாள் மேகோ வீரன். அந்தப் படைப்பிரிவே ‘எண்டர்பிரைஸ்’ தொடரிலிருந்து வந்ததுதான். பழசை எல்லாம் கழித்துவிடலாம் என்பவர்களிடம் இந்த வரிசைகளைக் காட்டினால் கொஞ்சம் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது சண்டையின் நடுநாயகமான கேள்வி. நீரோ வந்ததால் பழைய வரலாறு அழிந்ததா, அல்லது பக்கத்தில் புதுக் கிளை ஒன்று முளைத்ததா? இதற்காகக் காலப்பயணம் வரும் எபிசோடுகளை மட்டும் தனியாகப் பொறுக்கித் திரும்பப் பார்த்தேன். ஸ்டார் டிரெக்கே இரண்டு பதிலையும் சொல்லி வைத்திருக்கிறது. 1967-ல் வந்த ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ எபிசோடில் கப்பல் டாக்டர் மெக்காய் 1930-க்குப் போய் ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்ற, விண்ணில் நின்ற எண்டர்பிரைஸ் அந்தக் கணமே இல்லாமல் போகிறது. 1990-ன் ‘யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்’ எபிசோடிலும் அப்படித்தான். கடந்த காலத்திலிருந்து ஒரு கப்பல் வந்துவிட, அமைதியாக இருந்த உலகம் ஒரே நொடியில் போர்க்கால உலகமாகிறது. ஏதோ தப்பு என்று கப்பலில் இருக்கும் கைனன் என்ற பெண்ணுக்கு மட்டும்தான் உறைக்கிறது. இந்தக் கணக்கில் நீரோ பழசை அழித்திருக்க வேண்டும். ஆனால் ‘மிரர், மிரர்’ (1967), ‘பேரலல்ஸ்’ (1993) இரண்டும், உலகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும் என்கின்றன. 2009 படம் இந்த இரண்டாவது பாதையைத்தான் பிடிக்கிறது. இது மாற்று உலகம் என்று கப்பல் அதிகாரி ஊஹுராவே படத்தில் சொல்லிவிடுகிறாள்.

எதிர்காலத்திலிருந்து வந்த வயதான ஸ்பாக், அதாவது பழைய தொடரின் ஸ்பாக்கான லெனார்ட் நிமாய், மறைந்துபோகாமல் நிற்கிறாரே, பழைய உலகம் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த வாதம் நிற்காது. 1967 எபிசோடில் கப்பல் மறைந்தபோது கீழே கிரகத்தில் நின்ற கிர்க்கும் ஸ்பாக்கும் மறையவில்லையே. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. தீர்த்தது பிறகு வந்த தொடர்கள். 2020-ல் தொடங்கிய ‘பிக்கார்ட்’, அந்த ரோமுலஸ் அழிவைப் பழைய செய்தியாக வைத்துக்கொண்டு 2399-ல் கதை சொல்கிறது. அதே ஆண்டு ‘டிஸ்கவரி’யின் மூன்றாவது சீசனில், ஒரு ரோமுலன் சுரங்கக் கப்பலின் காலப்பயணத்தால் உண்டான உலகத்திலிருந்து வந்த ஒருவனைப் பற்றிப் பேச்சு வருகிறது. நீல வரிசை அறுபடவே இல்லை. 2387-க்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போகிறது.

அப்படியானால் பழைய கட்சிக்கு வெற்றி என்று நினைக்க வேண்டாம். நீல வரிசையை அடுக்கப் போனால்தான் அதன் லட்சணம் தெரிகிறது. கிர்க்கின் பெயர் ஆரம்பகால எபிசோட் ஒன்றின் கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் ஆர். கிர்க் என்று இருக்கிறது, பிறகுதான் டி. ஆகிறது. 1960-களில் வழவழ நெற்றியோடு வந்த கிளிங்கான் என்ற வேற்றுக்கிரகத்தாருக்கு 1979 படத்தில் மேடு முளைக்கிறது. ஏன் என்று 1996-ல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் கேட்டால், வெளியாட்களிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று கிளிங்கானான வோர்ஃப் நழுவுகிறான். 2005-ல் ‘எண்டர்பிரைஸ்’ இரண்டு எபிசோடுகள் செலவழித்து அதற்கு ஒரு வைரஸ் காரணம் கண்டுபிடித்தது. வோர்ஃப் சொன்னதே போதும் என்பது என் கட்சி. 1982 படத்தில் வில்லன் கான், கிர்க்கின் கப்பல் அதிகாரி செக்கோவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறான். ஆனால் கான் வந்த 1967 எபிசோடில் செக்கோவ் தொடரிலேயே சேர்ந்திருக்கவில்லை.

கான்தான் எனக்குப் பெரிய தலைவலி. 1967 கணக்கில் அவன் 1990-களில் பூமியின் ஒரு பகுதியை ஆண்டவன். 1990-கள் வந்து போயின, கானைக் காணோம். 2023-ல் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ இதற்கு ஒரு வழி செய்தது. காலப்பயணிகள் மாறி மாறிக் குறுக்கிட்டதால் கானின் காலமே தள்ளிப்போய்விட்டதாம். அதாவது, அசல் என்று நாம் கட்டிக்காக்கும் காலவரிசை, தன்னைத்தானே திருத்திக்கொண்டதாகத் திரையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. ஷீட்டில் அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஆண்டு போடும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சிவப்புப் பக்கம் சின்னது, மூன்றே படங்கள். அதை முடிக்க நேரம் எடுக்கவில்லை, ஆனால் எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். புதுக் கிளை பிரித்ததன் லாபமே, யார் பிழைப்பார்கள் யார் சாவார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான். முதல் படம் ஸ்பாக்கின் சொந்தக் கிரகமான வல்கனையே அழித்து அதை நிரூபித்தது. பிழைத்தவர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று ஸ்பாக் கணக்குச் சொல்கிறான். இதை வைத்து எவ்வளவு சொல்லலாம்! 2013-ல் வந்த ‘இன்ட்டு டார்க்னஸ்’ அதை ஓரமாக வைத்துவிட்டு 1982 படத்தின் முடிவை எடுத்துத் திருப்பிப் போட்டது. அங்கே கதிர்வீச்சில் ஸ்பாக் சாவான், இங்கே கிர்க். போதாக்குறைக்கு, கான் எப்படிப்பட்டவன் என்று இளைய ஸ்பாக் முதிய ஸ்பாக்கை அழைத்துக் கேட்கிறான். பழசுக்குப் பதிலாக நிற்க வந்த கதை, வழி தெரியாமல் பழசிடமே போய்க் கேட்பதை நீலமும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. மூன்றாவது படத்தில், மிஞ்சிய வல்கன்களுக்காக வேலையை விட்டுவிடலாமா என்று ஸ்பாக் யோசிக்கும் இடம் மட்டும் எனக்குப் பிடித்தது.

இதற்கு முற்றிலும் எதிரான வழியை ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற இன்னொரு விண்வெளித் தொடர் எடுத்தது. 1978 தொடரை 2003-ல் ரொனால்ட் டி. மூர் மறுபடி எழுதியபோது காலப்பயணம், கிளை, விளக்கம் எதுவும் இல்லை. பழைய தொடரில் ஆணாக இருந்த ஸ்டார்பக் இதில் ஒரு பெண், அவ்வளவுதான். பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். பழைய அப்போலோவான ரிச்சர்ட் ஹாட்ச், முதல் தொடரின் தொடர்ச்சிதான் வேண்டும் என்று சொந்தமாக ஒரு டிரெய்லரே எடுத்துப் பார்த்தவர். அவரே பிறகு புதுத் தொடரில் டாம் ஜாரெக் என்ற வேறு பாத்திரத்தில் வந்து பிரமாதமாக நடித்தார். புதிதாகத் தொடங்குவதென்றால் இப்படித் தொடங்குவதுதான் மேல் என்பது என் எண்ணம். யாரையும் அழிக்கவில்லை, யாரிடமும் அனுமதியும் கேட்கவில்லை. எக்செல் ஷீட்டும் தேவைப்படாது.

என் விதிக்கு வந்த பெரிய சோதனை, புதுப் படங்களில் ஸ்காட்டியாக நடித்த சைமன் பெக் 2016-ல் சொன்னது. ‘பியாண்ட்’ படத்தில் கப்பலை ஓட்டும் சூலுவுக்கு ஆண் துணை இருப்பதாகக் காட்டியதைப் பழைய சூலுவான ஜார்ஜ் டகேயே ஏற்கவில்லை. காலத்தில் விழுந்த பிளவு 2233-க்கு முன்னாலும் சேர்த்தே மாற்றங்களை உண்டாக்கியது என்று அப்போது பெக் விளக்கம் கொடுத்தார். இதை ஏற்றால் என் பொதுப் பகுதி முழுவதும் போச்சு. திரையில் வராததால் சேர்க்கவில்லை. சூலுவுக்கு யார் துணை என்பதற்கு இவ்வளவு பெரிய விளக்கமும் வேண்டியதில்லை.

முதிய ஸ்பாக்கின் வரிசைதான் இருப்பதிலேயே விசித்திரம். பிறப்பு 2230, பிரிவதற்கு முன்பு, அதனால் நிறமில்லை. அப்புறம் 2387 வரை நீலம். அங்கிருந்து தாவி 2258-ல் சிவப்பு. இறப்பு 2263. நூற்றைம்பது வயதைத் தாண்டியவருக்குக் காலண்டர்படி 33 வயது, அப்போது அவரே இளைஞனாக எண்டர்பிரைஸில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். எக்செல் இதைப் பிழை என்று காட்டுகிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த வேலை 1973-ன் கார்ட்டூன் தொடர், 22 எபிசோடுகள். நெடுங்காலம் கணக்கில் சேராது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட தொடர். ஆனால் கிர்க்கின் டி. என்றால் டைபீரியஸ் என்று முதலில் சொன்னது அதுதான். 2009 படத்தில் சிறுவன் கிர்க் போலீஸிடம் பெருமையாகச் சொல்வதும் அதே பெயரைத்தான். திரையில் வந்ததுதானே, என் விதிப்படி உள்ளே விட்டே ஆகவேண்டும். ஒரே சிக்கல் ‘யெஸ்டர்இயர்’ எபிசோட். ஸ்பாக் ஏழு வயதிலேயே இறந்துபோன இன்னொரு வரலாறு அதில் வருகிறது. மூன்றாவதாக ஒரு நிறம் தேடிக்கொண்டிருக்கிறேன்.