செவலையை விட்டுச் சென்ற ஐந்து நாட்கள்

அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் இடுப்பு அறுவை சிகிச்சை செய்யத் தேதி குறித்தார்கள். ஐந்து நாட்களாவது நான் உடன் இருக்க வேண்டும். மருத்துவரின் அறையை விட்டு வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "செவலையை யாரிடம் விடுவது?"

செவலை நாட்டு நாய். வயது நான்கு. கன்னங்குறிச்சியில் எங்கள் தெருமுனையில், அடைமழை நாளில் நனைந்து கிடந்த குட்டியை நான்தான் தூக்கி வந்தேன். அன்று முதல் ஒரு இரவுகூட அவள் எங்கள் வீட்டை விட்டு வெளியே தூங்கியதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் சோறு வைப்பார்கள். ஆனால் பூட்டிய வீட்டு வாசலில் ஐந்து நாட்கள் அவளைக் கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை. கையில் ஆறு வாரம் இருந்தது.

நாய்களைத் தங்கவைக்கும் இடங்கள் சேலத்தில் இருக்கின்றன என்று அப்போதுதான் விசாரித்தேன். முதலில் பேசிய இடத்தில், "வாசலில் ஒப்படைத்தால் போதும் மேடம், உள்ளே யாரையும் விடுவதில்லை" என்றார்கள். எங்கே படுக்கும் என்று பார்க்கவே விடாத இடத்தில் எப்படி விட்டு வருவது? இரண்டாவது இடத்தில் கேட்டது ஒரே கேள்வி: "என்ன ஜாதி?" நாட்டு நாய் என்றேன். "நாங்கள் எடுப்பதில்லை, மற்ற ஓனர்கள் சங்கடப்படுவார்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. எல்லாத் தடுப்பூசியும் போட்டு, கருத்தடையும் செய்து வளர்க்கிற நாய் அவள். நாய்களின் உயிரையே வாங்கும் பார்வோ வைரஸ் ஜாதி பார்த்தா வருகிறது?

மூன்றாவது இடம் கோரிமேட்டைத் தாண்டி, ஏற்காடு அடிவாரம் போகும் வழியில் ஒரு மாந்தோப்புக்குள் இருந்தது. எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்றார்கள். காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். கூண்டுகளைக் கழுவும் நேரம் அது. அந்த நேரத்தில் போனது நல்லதாயிற்று. மூத்திர நெடி மூக்கைக் குத்துகிறதா, தண்ணீர்ப் பாத்திரத்தில் பாசி இருக்கிறதா, கழுவிய நீர் தேங்காமல் ஓடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வாசலில் இரட்டைக் கதவு வைத்திருந்தார்கள். வெளிக்கதவை மூடித் தாழிட்ட பிறகே உள்கதவைத் திறக்கிறார்கள். புது இடத்தில் மிரளும் நாய் கதவு திறந்த நொடியில் பாய்ந்து ஓடிவிடும். தோப்புக்கு வெளியே பஸ் போகிற சாலை. அந்த இரண்டாவது கதவைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நான் கேட்டதைவிட அவர்கள் என்னைக் கேட்ட கேள்விகள் அதிகம். இடிக்குப் பயப்படுவாளா, சாப்பிடும்போது தட்டைத் தொட்டால் உறுமுவாளா, மதில் ஏறுவாளா, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்தது எப்போது? ஒரு நாளைக்கு 600 ரூபாய். ராத்திரி அங்கேயே படுக்கும் ஒரு பெரியவர் இருந்தார். தடுப்பூசி அட்டையைப் பார்த்தவர்கள் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெறிநோய் ஊசிக்குக் காலம் இருந்தது. டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ என்ற தொற்றுநோய்களுக்கு எல்லாம் சேர்த்துப் போடும் ஆண்டு ஊசிக்கு இரண்டு மாதம் தவறியிருந்தது. அதைப் போடாமல் சேர்க்கமாட்டோம் என்று உறுதியாகச் சொன்னார்கள். என் தவறுதான். ஆனால் அந்தக் கண்டிப்பைப் பார்த்துத்தான் இங்கேயே விடுவது என்று முடிவு செய்தேன்.

கால்நடை மருத்துவர் ஊசியோடு இன்னொன்றையும் போடச் சொன்னார். பல நாய்கள் கூடும் இடத்தில் கென்னல் இருமல் எளிதில் பரவும். அதற்கு மூக்கில் விடும் மருந்து உண்டு. கிளம்பும் நாளில் அவசரமாகப் போட்டால் முழுப் பலன் இருக்காது, மூன்று வாரம் முன்பே போட்டுவிட வேண்டும் என்றார். ஆறு வாரம் முன்பே தேடத் தொடங்கியது இதற்கு உதவியது.

பிறகு ஒத்திகை. ஒரு சனிக்கிழமை காலை விட்டு மாலை அழைத்து வந்தேன். அவள் தண்ணீர் குடித்தாள், மற்ற நாய்களை மோந்து பார்த்தாள், தட்டை மட்டும் தொடவே இல்லை. பகல்தானே என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு இரவு விட்டோம். அன்றும் பட்டினி. வீட்டில் கொடுக்கும் அதே சோறு, மஞ்சள் போட்டு உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த அதே கோழிக்கறி, அதே அலுமினியத் தட்டு. அம்மாவின் பழைய புடவையையும் விரிப்பாகக் கொடுத்திருந்தேன். அதன்மேல் சுருண்டு படுத்தாள், சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டார்: "டீச்சரம்மா, வீட்டில் இது சாப்பிடும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?"

நான் யோசித்ததே இல்லை. அம்மா இருப்பார். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். செவலை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவாள். சொன்னேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு முறத்தில் நிலக்கடலையை எடுத்து வந்து, தட்டுக்கு இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். அவளைக் கூப்பிடவில்லை, பார்க்கவும் இல்லை. கடலையை உடைத்துக்கொண்டே இருந்தார். தோல் உடையும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பத்து நிமிடம் போயிருக்கும். செவலை எழுந்தாள், அவரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள், அவருக்கு முதுகைக் காட்டி நின்று தட்டில் வாயை வைத்தாள்.

அதன்பின் கோயம்புத்தூர் போன ஐந்து நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தினமும் மாலை ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மூன்றாம் நாள் வீடியோவில் முறமும் கடலையும் இல்லாமலே அவள் சாப்பிட்டாள். திரும்பி வந்தபோது அரைக் கிலோ குறைந்திருந்தாள், வேறு குறை எதுவும் இல்லை.

அந்த நம்பிக்கையில்தான் ஜனவரியில் அந்த மாந்தோப்புக்காரர்கள் ஏற்காட்டுக்கு நாய்களோடு ஒரு இரவு முகாம் போனபோது நாங்களும் சேர்ந்துகொண்டோம். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டம், உரிமையாளரின் அனுமதியோடு கூடாரம். காட்டுக்குள் நாயைக் கூட்டிப் போவதில்லை. மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு, நாய் குரைத்துத் துரத்தினால் இரண்டு பக்கமும் ஆபத்து. அதனால் தோட்ட எல்லைக்குள்ளும் வாரைக் கழற்றக் கூடாது என்பது விதி.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தியும், பதினோராவது வளைவில் வாந்தி எடுத்தாள். வண்டியை ஓரம்கட்டி இறக்கினால் சுவரெல்லாம் குரங்குகள். பழைய துண்டு இரண்டும் தண்ணீரும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்ததால் சமாளித்தோம். அடுத்த முறை வாந்திக்கான மாத்திரையை மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

மேலே நான் எதிர்பார்க்காத ஆபத்து ஒன்று இருந்தது. அது பழம் பறிக்கும் பருவம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில், செடிக்கு அடியெல்லாம் சிவந்த காப்பிப் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. தோல் இனிப்பாக இருப்பதால் நாய்கள் மெல்லத் தொடங்கிவிடும். உள்ளே இருக்கும் கொட்டையில் காஃபின். அது நாய்க்கு நஞ்சு. படபடப்பு, நடுக்கம், அதிகம் தின்றால் வலிப்பு வரைக்கும் போகும். பறிக்க வந்திருந்த ஒரு அம்மாள்தான், "வாயைப் பாரு கண்ணு" என்று எனக்குக் கை காட்டினார். செவலையின் கடைவாயில் ஒரு பழம். விரலை விட்டு எடுத்தேன், கொட்டை உடையாமல் வழுவழுப்பாக வந்தது. அன்று முழுவதும் வாரைச் சுருக்கிப் பிடித்துச் செடிகளுக்கு நடுவே போகாமல் பாதையிலேயே நடந்தோம்.

இரவு நல்ல குளிர். சேலத்து வெயிலில் வளர்ந்தவள் முதலில் கூடாரத்தின் மூலையில் நடுங்கினாள், பிறகு என் போர்வைக்குள் நுழைந்துகொண்டாள். தூரத்தில் மற்ற நாய்கள் குரைத்தபோது காதை மட்டும் நிமிர்த்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் உண்ணி பார்க்கும் வேலை. மாத்திரை கொடுத்திருந்தாலும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், விரல் இடுக்குகளில். அம்மா ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, இடது பின்காலின் விரலிடுக்கில் இரண்டு அகப்பட்டன. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தேன். உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம் என்பதால் மூன்று வாரமும் அவள் சாப்பாட்டையும் ஈறின் நிறத்தையும் தினமும் கவனித்தேன். ஒன்றும் வரவில்லை. தடுப்பூசி அட்டையில் அடுத்த ஆண்டு ஊசியின் தேதியை இந்த முறை சிவப்பு மையில் எழுதிச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.