விடுமுறையில் ஐந்து பேர்: ஆசிரியர்களுக்கு ஒரு துணைக்குழு

கோடை விடுமுறை விட்ட முதல் பத்து நாளைக்கு யாரையும் கூப்பிடாதீர்கள். விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்து, தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஆசிரியரிடம் "அடுத்த வருஷத்துக்கு நாம ஒரு குழு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார். அந்த 'சரி' ஒரு வாரம் தாங்காது. தூக்கம் நிறைந்து, வீட்டு வேலைகள் ஒழுங்குக்கு வந்து, போன வருஷம் எந்தப் பாடத்தில் பிள்ளைகள் சறுக்கினார்கள் என்ற நினைப்பு தானாக மேலே வரும் நாள் ஒன்று உண்டு. அழைக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஆசிரியர் வேலையில் இருக்கும் தனிமை வெளியே தெரியாது. நாள் முழுக்க நாற்பது பேர் நடுவில் நிற்கிறவர் தனியாக இருக்கிறார் என்று யார் நினைப்பார்கள்? அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் பள்ளி அமைப்பை முட்டை அட்டைக்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு குழியிலும் ஒரு முட்டை. பக்கத்துக் குழியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பக்கத்து வகுப்பறையில் அதே பாடத்தை, அதே வாரத்தில், வேறு விதமாக நடத்துகிறவரை ஒரு முறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். பள்ளி நடக்கும் மாதங்களில் இந்தச் சுவரை உடைக்க நேரம் கிடைக்காது. விடுமுறையில் கிடைக்கும்.

ஆனால் "தொடர்பில் இருப்போம்" என்று சொல்லிச் சேர்ந்த குழு எதுவும் நிலைப்பதில்லை. குழுவுக்கு ஒரு வேலை வேண்டும். முழுப் பாடத்திட்டத்தையும் திருத்துகிறோம் என்று இறங்காதீர்கள். ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்புத் தசம எண்கள், எட்டாம் வகுப்பில் கட்டுரை எழுதுதல், ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் விசையும் இயக்கமும் என்று அந்த அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். பள்ளி திறந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் நடத்தவேண்டிய பாடமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆண்டுக் கடைசியில் வரும் பாடத்தை எடுத்தால், செய்த வேலை பலன் தருவதற்குள் குழுவே கலைந்திருக்கும்.

எத்தனை பேர் என்றால், ஐந்து. மூன்று பேர் என்றால் ஒருவர் வராத நாளில் இருவர்தான் மிச்சம். அது கூட்டமாக இருக்காது, பேச்சாகிவிடும். ஐந்து பேருக்குள் இருவர் இருவராகப் பார்த்தால் பத்து உறவுகள். பன்னிரண்டு பேர் என்றால் 66. அத்தனை பேர் ஒருவரை ஒருவர் நம்பி "இந்தப் பாடம் எனக்கே சரியாகப் புரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லும் நிலை ஒரு விடுமுறையில் வராது. 75 நிமிடக் கூட்டத்தில் ஐந்து பேருக்கு ஆளுக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். பன்னிரண்டு பேர் இருந்தால் இருவர் பேசுவார்கள், பத்துப் பேர் கேட்பார்கள்.

அந்த ஐந்து பேரில் இருவராவது அதே பாடத்தை அதே வகுப்புக்கு நடத்துகிறவர்களாக இருக்கட்டும். ஒருவர் அடுத்த மேல் வகுப்புக்கு நடத்துகிறவர். இங்கே விட்ட ஓட்டை அங்கே எப்படிப் பெரிதாகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ஒருவர் பணிக்கு வந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் இருப்பவர். இன்னொருவர் உங்களுக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லாதவர்: வேறு பள்ளி, பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், கல்லூரியில் உடன் படித்து எப்போதாவது பேசுகிறவர். இந்தக் கடைசி ஆளைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை விளக்குகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் வரும். ஒரே ஆசிரியர் அறையில் ஒரே தேநீரைக் குடிக்கும் ஐந்து பேர் ஒரே தீர்வைத்தான் ஐந்து முறை சொல்வார்கள். பள்ளியில் ஒரே ஒரு இசை ஆசிரியராகவோ ஒரே ஒரு கணினி ஆசிரியராகவோ இருப்பவருக்கு வெளி ஆள் இல்லாமல் முடியவே முடியாது.

அழைப்புச் செய்தி சுருக்கமாக இருக்கட்டும். வேலை, நேரம், முடிவு மூன்றும் அதில் இருக்கவேண்டும்:

"வணக்கம் மேடம். ஏழாம் வகுப்புத் தசம எண்கள் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள் என்று ஐந்து பேர் சேர்ந்து பார்க்கலாம் என்றிருக்கிறோம். இந்த விடுமுறையில் நான்கு கூட்டம், ஒவ்வொன்றும் 75 நிமிஷம், சனிக்கிழமை காலை பத்து மணி. முடிவில் எல்லோரும் பயன்படுத்த ஒரு சிறு தேர்வும் மூன்று நாள் பாடக்குறிப்பும் தயாராகும். முதல் கூட்டத்துக்குப் பிள்ளைகள் எழுதிய பழைய தாள் ஒன்று இருந்தால் போதும். வர இயலுமா?"

இப்படிக் கேட்டால் முடியும் அல்லது முடியாது என்று பதில் வரும். "ஒரு நல்ல முயற்சியில் இணைய விருப்பமா?" என்று கேட்டால் கைகூப்பும் பொம்மை ஒன்று வரும், அவ்வளவுதான்.

பழைய தாள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. விடுமுறையில் பிள்ளைகள் இல்லை, விடைத்தாள்கள் பள்ளியில் பூட்டிக் கிடக்கும். ஆகவே கடைசி வேலை நாளுக்கு முன்பே, பள்ளியின் அனுமதியோடு, ஒரே கேள்விக்கு மூன்று வெவ்வேறு பிள்ளைகள் எழுதிய விடைகளைப் படம் எடுத்து வைக்கவேண்டும். பெயர், பதிவு எண், பள்ளி முத்திரை மூன்றையும் தாளால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். எடுத்த பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாராவது மறந்துபோய் அப்படியே பகிர்ந்துவிடுவார்கள். தவறவிட்டிருந்தால் கேள்வித்தாளையாவது கொண்டு வாருங்கள். எந்தக் கேள்வியை அதிகம் பேர் எழுதாமல் விட்டார்கள் என்பது நினைவில் இருக்கும்.

முதல் கூட்டத்தில் அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம் போதும். மீதியை ஒரு ஒழுங்கில் நடத்தினால்தான் பேச்சு வேலையாக மாறும். 1990-களில் அமெரிக்கப் பள்ளிச் சீர்திருத்த வட்டாரங்களில் உருவான 'டியூனிங் புரோட்டோகால்' என்ற முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். தாள் கொண்டுவந்தவர் ஐந்து நிமிடம் பின்னணி சொல்வார்: என்ன நடத்தினார், எதைக் கேட்டார். அடுத்த ஐந்து நிமிடம் தகவல் கேள்விகள் மட்டும், "ஏன் இப்படிச் செய்யவில்லை?" என்பது அதில் சேராது. பிறகு எட்டு நிமிடம் எல்லோரும் பேசாமல் தாளைப் பார்ப்பார்கள். அதன்பின் பன்னிரண்டு நிமிடம் மற்ற நால்வரும் தங்களுக்குள் பேசுவார்கள். கொண்டுவந்தவர் வாய் திறக்கக்கூடாது, எழுதிக்கொள்ளலாம். கடைசி ஐந்து நிமிடம் அவருடையது. ஆக 35 நிமிடம். ஒரு கூட்டத்தில் இரண்டு பேரின் தாள்களைப் பார்க்கலாம்.

இதில் கடினம் அந்தப் பன்னிரண்டு நிமிட மௌனம்தான். நம் தாளைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது "நான் அதை வகுப்பில் சொன்னேனே" என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். சொல்லிவிட்டால் பேச்சு தாளை விட்டுவிட்டு ஆசிரியர் மேல் திரும்பிவிடும். மற்றவர்கள் சமாதானம் சொல்ல ஆரம்பிப்பார்கள். மௌனத்தைக் காக்க ஒருவர் கையில் கடிகாரத்தைக் கொடுங்கள்.

இந்த முறையில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். கேள்வி: 0.45, 0.6 இவற்றில் எது பெரியது? ஏன்? முதல் தாளில் "0.45 பெரியது, 45 ஆறைவிடப் பெரியது" என்று இருக்கிறது. இது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த தவறு. இரண்டாவது தாளில் 0.6-க்கு ஒரு பூஜ்யம் சேர்த்து 0.60 ஆக்கி, 60 நூறில் பங்கு 45 நூறில் பங்கைவிட அதிகம் என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது தாளில் "0.6 பெரியது, ஒரு இலக்கம்தான் இருக்கிறது" என்று மட்டும் இருக்கிறது. திருத்தும் அவசரத்தில் இந்த மூன்றாவதற்கும் முழு மதிப்பெண் போட்டிருப்போம். எட்டு நிமிடம் உற்றுப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று பிடிபடும். பத்தில் பங்கு நூறில் பங்கைவிடப் பெரியது; ஆகவே இலக்கம் குறைந்த எண் எப்போதும் பெரியது என்பது அதன் கணக்கு. அதே பிள்ளையிடம் 0.6, 0.73 கொடுத்தால் 0.6-தான் பெரியது என்று சொல்லும்.

இங்கேயே குழுவின் முதல் பொருள் கிடைத்துவிடுகிறது: நான்கு கேள்விகள் கொண்ட ஐந்து நிமிடத் தேர்வு. முதல் கேள்வி 0.45, 0.6. இரண்டாவது 0.6, 0.73. மூன்றாவது 0.5, 0.50. நான்காவது, 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் ஓர் எண் எழுதுக. முதலாவதைத் தவறாகவும் இரண்டாவதைச் சரியாகவும் எழுதுகிற பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிறது என்று ஊகிக்கலாம். முதலாவது சரி, இரண்டாவது தவறு என்றால் 'இலக்கம் குறைந்ததே பெரியது' என்ற கணக்கு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வகுப்புக்கு மொத்தமாக ஒரே விளக்கத்தைத் திரும்பச் சொல்வதில் பாதிப் பிள்ளைகளுக்குப் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

இரண்டாம், மூன்றாம் கூட்டங்களில் பாடக்குறிப்பை எழுதலாம். அங்கே ஒன்று செய்து பாருங்கள்: ஒருவர் இருபது நிமிடம் பாடம் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளாக உட்காரட்டும். 1974-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய, எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான 'எழுத்துத் திட்ட'த்தின் கோடை முகாம்களில் ஆசிரியர்களே ஆசிரியர்களுக்கு இப்படித்தான் நடத்திக் காட்டினார்கள். பிள்ளையாக உட்கார்ந்து பார்த்தால்தான், பலகையில் எழுதியதை அழிக்கும் வேகம்கூட எவ்வளவு அதிகம் என்று உறைக்கும். பள்ளி திறந்த பிறகு இதையே உண்மையான வகுப்பில் செய்யலாம். ஜப்பானிய ஆசிரியர்களின் 'பாட ஆய்வு' முறையில் சேர்ந்து திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு சேர்ந்து திருத்துவார்கள். விடுமுறையில் அதன் முதல் பாதியை முடித்துவிடலாம்.

தயாரித்ததைச் சேமிக்கும் இடம் அற்பமாகத் தெரியும். ஆனால் பல குழுக்களின் உழைப்பு காணாமல் போவது இங்கேதான். பள்ளி கொடுத்த மின்னஞ்சலில் கோப்புறை திறக்காதீர்கள். மாற்றலாகிப் போனால் கணக்கு மூடப்படும், கோப்புகளும் சேர்ந்து போகும். சொந்தக் கணக்கில் திறந்து, இரண்டாவது ஆள் ஒருவரிடம் முழுப் பிரதி இருக்கட்டும். பிள்ளைகளின் தாள்கள் மட்டும் இதில் போகவேண்டாம். பார்த்து முடித்ததும் அவற்றை அழித்துவிடுங்கள். கோப்பின் பெயரில் வகுப்பு, பாடம், வகை, எண் என்ற வரிசை மாறக்கூடாது: '7_தசமம்_தேர்வு_02'. 'இறுதி', 'புதிய இறுதி', 'உண்மையான இறுதி' என்று மூன்று கோப்புகள் கிடந்தால் வகுப்புக்கு முந்தின இரவு யாரும் எதையும் திறக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழு தேவைதான். அதில் காலை வணக்கப் படமும் வாழ்த்தும் வரத் தொடங்கிய வாரத்திலேயே கேள்விகள் நின்றுவிடும். ஐம்பது செய்திக்குக் கீழே புதைந்த கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? வேலைக்கு ஒரு குழு, அரட்டைக்கு வேறு குழு என்று பிரித்துவிடுங்கள். கேள்வி கேட்கிறவர் வகுப்பு, பாடம், தான் செய்து பார்த்தது, பிள்ளை எழுதியது ஆகிய நான்கையும் சொல்லிக் கேட்கட்டும். "பின்னத்தை எப்படி நடத்துவது?" என்று கேட்டால் பதில் வராது. "பகுதிகளையும் தொகுதிகளையும் தனித்தனியாகக் கூட்டி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள், தாளை மடித்துக் காட்டியும் மாறவில்லை" என்று கேட்டால் இருவராவது பதில் சொல்வார்கள்.

மனக்குறைகளுக்கும் இடம் வேண்டும். பெற்றோரின் கோபம், நிர்வாக நெருக்கடி, அலுப்பு எல்லாவற்றையும் சொல்ல ஓர் இடம் இல்லாமல் ஆசிரியர்கள் உள்ளுக்குள் கருகுகிறார்கள். இது சின்ன விஷயம் அல்ல. இரண்டாவது கூட்டத்திலிருந்து முதல் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்குங்கள். வாயால் மட்டும் சொல்லுங்கள், எழுத்தில் வேண்டாம். எழுதியது படமாகி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தலைமை ஆசிரியரிடம் இப்படி ஒரு குழு இருப்பதைச் சொல்லிவிடுங்கள், தயாரித்ததையும் காட்டுங்கள். ஆனால் குழுவில் சேர்க்காதீர்கள். மதிப்பீடு செய்யும் அதிகாரம் உள்ளவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் முன்னால் யாரும் தங்கள் மோசமான தாளைக் கொண்டுவர மாட்டார்கள்.

புதிதாகப் பணிக்கு வந்தவரிடம் "எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்று சொல்வது உதவியாகாது. தொந்தரவு செய்கிறோமோ என்று நினைத்து அவர் கூப்பிடவே மாட்டார். குழுவில் ஒருவர் வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், தானே கூப்பிடவேண்டும். பத்து நிமிடம் போதும். பெற்றோர் கூட்டத்தில் என்ன சொல்வது, மதிப்பெண் பதிவேட்டை எப்படி நிரப்புவது என்று அவர் கேட்கத் தயங்கும் சின்னச் சின்னக் கேள்விகள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வெளியே வரும்.

நான்காவது கூட்டம் கலைவதற்கு முன் எல்லோரும் நாட்குறிப்பை எடுத்து, பள்ளி திறந்த பிறகு கூடவேண்டிய நாட்களைக் குறித்துவிடுங்கள். முதல் கூட்டம் மூன்றாவது வாரத்தில் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் கால அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், யாராலும் வர முடியாது. அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, 40 நிமிடம். தேர்வு வாரங்களில் கூட்டம் இல்லை என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சொல்லாமல் விட்டுப்போன கூட்டத்துக்குப் பிறகு மறுபடி கூடுவதற்கு எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். முன்பே விடுமுறை என்று குறித்திருந்தால் அந்தக் கூச்சம் வராது. ஒருவர் தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை என்றால் குழுவில் கேட்காமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பெரும்பாலும் அவர் செய்யவேண்டிய பங்கைச் செய்து முடிக்காததால்தான் வராமல் இருப்பார். முடிக்காமலே வரலாம் என்று சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு வந்துவிடுவார்.