கழற்றும் முன் ஒரு படம்

போன் வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்காதவர் குறைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு வீட்டிலோ கொல்லையிலோ அந்தக் கேமராவுக்கு இருக்கும் பெரிய வேலைக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. பின்னால் படித்துப் பார்க்க வேண்டியதை இப்போதே பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வருடப் பழைய போன் போதும். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்து தெரிய வேண்டும்.

எழுத்து சின்னதாக இருந்தால் எல்லோரும் போனைக் கிட்டே கிட்டே கொண்டு போவார்கள். அங்கேதான் கெடுகிறது. பெரும்பாலான போன்களில் மெயின் கேமராவுக்கு ஏறக்குறைய 10 செ.மீ.க்குள் ஃபோகஸ் கிடைக்காது. ஒரு முழம் தள்ளிப் பிடித்து, 2 மடங்கு ஜூம் வைத்து, எழுத்தின் மேல் விரலால் தொட்டுவிட்டு எடுங்கள். விலை குறைந்த போன்களில் 'மேக்ரோ' என்று தனியாக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸ் பேருக்குத்தான். எடுத்ததும் அங்கேயே நின்று பெரிதாக்கி, கடைசி எண் வரை வாசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது '3' எது '8' எது என்று தெரியாவிட்டால் படம் எடுத்தும் எடுக்காத மாதிரிதான்.

போர் மோட்டாரிலிருந்து தொடங்கலாம். சப்மெர்சிபிள் மோட்டாரின் நேம் பிளேட் மோட்டார் உடம்பிலேயே இருக்கும். போருக்குள் இறக்கிவிட்டால் அடுத்த முறை மேலே ஏற்றும்போதுதான் கண்ணில் படும். பல நூறு அடி ஆழப் போரில் அது சாதாரணச் செலவா? அதனால் இறக்கும் முன்பே எச்.பி., வோல்ட், ஆம்பியர், சீரியல் நம்பர் எல்லாம் தெரிய எடுத்துவிடுங்கள். பம்பின் மேல் இருக்கும் ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் சக்கர அடுக்கு) எண்ணிக்கை, ஹெட் (எவ்வளவு உயரம் தண்ணீர் ஏற்றும்) அளவு, எத்தனை பைப் இறங்கியது, கேபிள் ஜாயின்ட் எங்கே போட்டார்கள் என்பதையும் சேர்த்து எடுங்கள். பளபளப்பான தகட்டில் ஃப்ளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைப் பொட்டுதான் விழும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவரை டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். பஞ்ச் அடித்த எண் மங்கியிருந்தால் சாக்பீஸைத் தேய்த்து, மேலாகத் துணியால் ஒரு துடைப்பு. பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்று எண் எழும்பித் தெரியும்.

அடுத்தது ஸ்டார்ட்டர் பெட்டி. மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரை மாற்றவோ ரிலே மாற்றவோ ஒயரைக் கழற்றும் முன் படம் எடுக்கச் சொன்னால் எல்லோரும் ஒரு படம் எடுப்பார்கள். ஒன்று போதாது. மெயினை அணைத்துவிட்டு, முதலில் பெட்டி முழுதாக ஒன்று. பிறகு ஒவ்வொரு டெர்மினல் வரிசையும் இடப்பக்கச் சாய்வில் ஒன்று, வலப்பக்கச் சாய்வில் ஒன்று. நேராக மட்டும் எடுத்தால் முன்னால் தொங்கும் ஒயர் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோட் ரிலேயின் திருகு எத்தனை ஆம்பியரில் நிற்கிறது என்பதும் படத்தில் இருக்கட்டும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் வெளுத்த சிவப்பும் மஞ்சளும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும், நாள்பட்ட பெட்டியில் எல்லாம் ஒரே அழுக்கு நிறம். ஒவ்வொரு ஒயரிலும் டேப் சுற்றி பேனாவால் எண் போட்டு, அதன்பிறகு இன்னொரு படம். மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஓடுகிற சத்தம் கேட்கும், தண்ணீர் மட்டும் குறைவாக வரும். இதைப் போர் வற்றிவிட்டது என்று நினைத்துக் கலங்குபவர்கள் உண்டு.

பழைய பத்திரத்துக்கு வாசற்படி அருகே, நேர் வெயில் படாத தரையே நல்ல இடம். நின்றபடி குனிந்து எடுத்தால் போனின் நிழல் நடுவில் விழும், அதனால் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளை இயக்கி, தாளின் ஓரம் கோட்டோடு ஒத்துப்போகும் வரை போனைச் சாயாமல் பிடியுங்கள். பின்பக்க எழுத்து முன்னால் ஊடுருவித் தெரிந்தால் தாளுக்கு அடியில் கருப்புத் தாள் வையுங்கள், பாதிக்கு மேல் மறையும். ஸ்கேன் ஆப்பில் 'கருப்பு வெள்ளை' அழுத்தினால் படிக்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் மங்கிய முத்திரையும் பென்சில் குறிப்பும் காணாமல் போகும். பத்திரத்துக்குக் கலர்தான். எடை மேடைச் சீட்டு, ஏடிஎம் சீட்டு, பஸ் டிக்கெட் பெரும்பாலும் சூடுபட்டால் கருக்கும் தாள். சட்டைப் பையிலேயே அதன் எழுத்து வெளுத்துப் போகும். லேமினேஷன் போட்டால் முழுதும் கருத்துவிடும். மாங்காய் லோடு இறக்கிய கையோடு படம் எடுத்துவிடுவதே உத்தமம்.

பக்கவாட்டு வெளிச்சம் கல்வெட்டுக்கும் பொருந்தும். நம் ஊர்ப்பக்கம் நடுகற்களுக்குக் குறைவில்லை. உச்சி வெயிலில் எடுத்தால் கல் மட்டும் தெரியும். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை வெயில் சாயும்போது எடுத்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரிகள் எழும்பும்.

தக்காளிச் செடியில் நோய் என்றால் ஒரே ஒரு காய்ந்த இலையைப் படம் எடுத்து அனுப்பினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. முழுச் செடி, புதிதாகப் பாதித்த இலையின் மேல்பக்கம், அதே இலையின் அடிப்பக்கம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று. இலையில் உங்கள் நிழல் விழட்டும், வெயிலில் பச்சை வெளுத்துவிடும். வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். இலைப்பேன் சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளின் மேல் கொழுந்தைத் தட்டிவிட்டு அந்தத் தாளைப் படம் எடுங்கள். இலையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கரும்புள்ளி இருந்தால் அதைத் தனியாக. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கோ காட்ட இப்படி நான்கு படம் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். மருந்துக் கடையில் படத்தை நீட்டினால் மூன்று மருந்து கலந்து எழுதிக் கொடுப்பார்கள், அது வேறு கதை.

மருந்து டப்பாவின் லேபிளையும் எடுத்து வைக்க வேண்டும்: மருந்தின் பெயர், பேட்ச் எண், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் வீரியம் காட்டும் முக்கோணம். யாராவது தெளிக்கும்போது மயங்கினால் டாக்டர் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான். எல்லைக்கு அப்பால் வாங்கிய மூட்டையில் கன்னடமோ தெலுங்கோ மட்டும் இருந்தால் கூகுள் லென்ஸ் அச்செழுத்தை ஓரளவு தமிழில் சொல்லிவிடும். கையெழுத்தில் திணறும்.

ரிமோட் வேலை செய்யவில்லையா? அதன் முன் பல்பை செல்ஃபி கேமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் திரையில் ஊதாப் பொட்டாக மின்னினால் ரிமோட் நன்றாகத்தான் இருக்கிறது. பின் கேமராவில் அதைத் தடுக்கும் ஃபில்டர் வலுவாக இருப்பதால் சில போன்களில் தெரியாது. சிலிண்டரின் கைப்பிடித் தகட்டில் இருக்கும் 'ஏ-27' போன்ற எழுத்தையும் எட்டாத கோணத்தில் கேமரா காட்டும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி, சி, டி அடுத்தடுத்த மூன்று மாதங்கள், எண் வருடம். அது அடுத்த சோதனை செய்ய வேண்டிய கெடு. கரண்ட் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும், அதனால் அரை நிமிடம் வீடியோ எடுத்து, யூனிட் காட்டும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பது சுலபம்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கிவிடும், சின்ன எழுத்து கரைந்துபோகும். பேப்பர் கிளிப்பைத் தொட்டு 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் அப்படியே போகும். சாதாரணப் படமாக அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் கழன்றுவிடும். இடம் பதிவாகும் கேமரா ஆப்பை எல்லைக்கல்லுக்குப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம், வரப்புத் தகராறில் அந்த எண் நிற்காது. கல்லோடு பக்கத்துப் புளியமரம், கிணற்று மேடு என்று நகராத இரண்டு அடையாளம் ஒரே படத்தில் வரும்படி தள்ளி நின்று ஒன்று, கல்லின் குறி தெரியக் கிட்டே ஒன்று எடுத்து வையுங்கள். அளவுக்கு சர்வேயர்தான் வர வேண்டும்.