ஐஸ் மீனும் சூட்டுக் கறியும்

மதுரையில் கடல் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீனோ கறியோ மணக்காத தெருவும் கிடையாது. தூத்துக்குடி இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அதிகாலையில் போன விசைப்படகுகள் இரவில் கரைக்கு வரும், ஏலம் நடக்கும், உடனே வண்டியில் ஏற்றினால் விடிவதற்குள் மதுரை. இந்தக் கணக்கை நம்பித்தான் நாங்கள் சில பேர் சேர்ந்து மீனும் கறியும் விற்கத் தொடங்கினோம். சரக்கு எடுப்பதும் தரம் பார்ப்பதும் என் பொறுப்பு. தூரத்தையும் டீசலையும் பற்றித்தான் அப்போது நிறையப் பேசினோம். ஆனால் இந்தத் தொழிலில் என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஐஸ்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “ஐஸ் வைக்காத மீன் இருக்கா தம்பி?” என்றுதான். ஐஸ் வைத்தால் பழைய மீன் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. பல நாள் கிடந்த மீனை ஐஸில் புதைத்துப் புதுசு என்று விற்றவர்களிடம் வாங்கி ஏமாந்த ஊர் இது. ஆனால் மீனைக் கெடுப்பது ஐஸ் இல்லை, ஐஸ் இல்லாமல் கழிந்த நேரம்தான். படகிலிருந்து இறங்கும்போது மீன் ஏறக்குறைய 30 டிகிரி சூட்டில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோ மீனை அங்கிருந்து பூஜ்ஜியத்துக்கு இறக்க மூன்று கிலோ ஐஸ் கரைந்தால் போதும். அப்புறம் எதற்குக் கிலோவுக்குக் கிலோ ஐஸ் போடுகிறோம்? பெட்டிச் சுவர் வழியாக உள்ளே வரும் சூடு, வழியில் வண்டி நிற்கும் நேரம், மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது, இவற்றுக்குத்தான் மீதி ஏழு கிலோ. ஐஸ் செலவில் கை வைக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஏழு கிலோவைத்தான் முதலில் குறைப்பார்கள். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

ஐஸைப் போட்டுவிட்டால் மட்டும் முடிந்துவிடாது. ஐஸ் பாரைப் பொடியாக நொறுக்க வேண்டும். பெரிய கட்டியாக இருந்தால் மீனில் சரியாக ஒட்டாது, அதன் முனை குத்திச் சதையும் கிழியும். பெட்டியின் அடியில் ஒரு படுகை ஐஸ், அதன்மேல் மீன், அதற்கு மேல் மறுபடியும் ஐஸ். அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். கரைந்த தண்ணீர் வெளியேற வேண்டும், அதிலேயே மீன் ஊறக் கூடாது. எந்தத் தண்ணீரில் அந்த ஐஸைச் செய்தார்கள் என்பது இதைவிட முக்கியம். குடிக்க முடியாத தண்ணீரில் செய்த ஐஸை நல்ல மீனின்மேல் கொட்டினால், அழுக்கைக் குளிரவைத்துத் தடவுவதாகத்தான் அர்த்தம். அதனால் ஐஸ் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பார்த்த பிறகுதான் அங்கே ஐஸ் எடுக்க ஆரம்பித்தோம்.

சூரை, அயிலை மாதிரியான மீன்களில் இன்னும் கவனம் தேவை. சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உண்டாகும். ஒருமுறை உண்டாகிவிட்டால், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும். வீட்டில் “அவனுக்கு மீன் ஒத்துக்காது” என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரம் அவன் உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது, கரையில் அரை நாள் வெயிலில் கிடந்த மீன்தான் காரணமாக இருக்கும்.

பிணம் கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் ரசாயனம் ஃபார்மலின். 2018இல் கேரளத்தில் அது கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டபோது இங்கேயும் எல்லோருக்கும் பயம் வந்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் கண்டுபிடிக்கச் சின்னத் தாள் பட்டைகளை உருவாக்கியது. சந்தேகப்பட்டுக் கேட்பவர்களுக்கு எதிரிலேயே அதை வைத்துக் காட்டுவோம். ஆனால் வாடிக்கையாளர் கடைசியில் நம்புவது தன் கண்ணையும் விரலையும்தான். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், சதையை அழுத்திப் பார்ப்பார். தட்டில் வைத்துப் பிளாஸ்டிக் ஒட்டி விற்றால் நாகரிகமாக இருக்கும் என்று எங்களுக்குள் பேச்சு வந்தபோது நான் வேண்டாம் என்றேன். மீனை ஐஸ்மேல் முழுசாகப் பரப்பி வைத்து, கேட்கிறவருக்குக் கையுறை கொடுத்தோம். தொட்டுப் பார்த்து வாங்குவது நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தரச் சோதனை, அதைப் பிடுங்கிக்கொண்டு சுத்தம் என்று பெயர் வைப்பது நியாயமாகப் படவில்லை.

ஆட்டுக்கறியில் பிரச்சினை வேறு விதம். அறுத்த சூடு ஆறாத கறிதான் நல்ல கறி என்பது ஊரின் தீர்ப்பு. உண்மையில் அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கத் தொடங்கும், அந்த நேரத்தில் வெட்டிக் குக்கரில் போட்டால் விசில் மேல் விசில் வைத்தாலும் நார் நாராக இருக்கும். விறைப்பு விட்டபின் கறி தானாக மிருதுவாகும். அதற்காக அறுத்த உடனே குளிர் அறைக்குள் தள்ளவும் கூடாது. விறைப்பு வருவதற்கு முன்பே அதிகம் குளிர்ந்தால் தசை சுருங்கி இன்னும் கடினமாகிவிடும். மாநகராட்சி ஆட்டுத்தொட்டியில் சீல் குத்தி வந்ததைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, பிறகுதான் குளிரில் வைப்போம். இதைக் கடையில் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு முறை வாங்கிச் சமைத்தவர் மறுபடி வந்து, “அன்னைக்குக் கொடுத்த மாதிரியே கொடுங்க” என்று கேட்டால்தான் உண்டு.

எடை விஷயத்தில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. மார்க்கெட்டில் முழு மீனை எடைபோட்டுத்தான் காசு வாங்குவார்கள். சுத்தம் செய்த பிறகு தலையும் குடலும் செதிலும் போய் மீனுக்கு மீன் வேறு அளவு மிஞ்சும். இறாலில் ஏறக்குறையப் பாதி போய்விடும். சுத்தம் செய்த எடைக்கு விலை சொன்னால் மார்க்கெட்டைவிட எங்கள் விலை பயமுறுத்தும். கடைசியில் இரண்டு எடையையும் பில்லில் போட ஆரம்பித்தோம். பேரம் பேசுவது அதனால் நிற்கவில்லை, ஆனால் பையைத் தூக்கிப் பார்த்துச் சந்தேகப்படுவது நின்றது.

விற்பனையைத் தீர்மானிப்பது தமிழ் மாதக் காலண்டர். புரட்டாசியில் பாதிக் கடை காலி. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் இன்னும் பல வீடுகளில் அடுப்பில் ஏறாது. தீபாவளிக்கோ இட்லிக்குக் கறிக்குழம்பு வேண்டும் என்று இருட்டிலேயே வரிசை நிற்கும். இதற்கு நடுவில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் அந்த மாதங்களில் கொஞ்சமாக வந்தாலும் அருமையான மீன் வரும், விலையும் ஏறும். கேரளத்தில் விசைப்படகுத் தடை ஜூனில்தான் தொடங்கும், அதுவரை அங்கிருந்தும் எடுக்கலாம். ஆனால் வழி நீளம், அதற்குத் தகுந்த ஐஸும் வேண்டும்.

கழிவை எங்கே கொட்டுவது என்ற கவலை எதிர்பாராத விதத்தில் தீர்ந்தது. மீன் கழிவோடு சம எடை வெல்லம் சேர்த்து ஊறவைத்து, பயிருக்குத் தெளிக்கும் மீன் அமிலம் தயாரிக்கும் விவசாயிகள் வாளியோடு வந்து எடுத்துப் போகிறார்கள்.

நான் பெரிதும் மதிப்பது வெட்டும் மேசையில் நிற்பவர்களைத்தான். நெத்திலியைக் குடல் எடுக்கும் விரலும், சீலாவை ஒரே கனத்தில் துண்டு போடும் கையும் லேசில் கிடைப்பதில்லை. மீன் வெட்டும் அக்காக்கள் காலமெல்லாம் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வெட்டியவர்கள். மேசையும் கத்தியும் கொடுத்தால் வேகம் போய்விடும். அதனால் ஸ்டீல் மேசையிலேயே அரிவாள்மனையைப் பொருத்திக் கொடுத்தோம், நின்றபடியே பழைய கைவாக்கில் வெட்டுகிறார்கள். கறி வெட்டும் அண்ணன் புளியங்கட்டையை மாற்றச் சம்மதிக்கவில்லை. பிளாஸ்டிக் பலகையில் எலும்பை வெட்டினால் துகள் பறக்கும் என்று அவர் சொன்னது சரி. தினமும் சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்த்து, காயவைப்பதையும் அவரே ஒரு நாளும் தவறவிடாமல் செய்கிறார். கோழிக்கு மட்டும் தனி மேசை, தனிக் கத்தி, தனி ஆள் என்று நாங்கள் வைத்த விதியையும் அவர்கள்தான் காப்பாற்றுகிறார்கள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கிடக்கும் அந்த விரல்களின் தோல் உரிந்துபோகும். நல்ல கையுறையும், மாற்றி மாற்றி ஓய்வும், மார்க்கெட்டைவிடக் கூடுதல் கூலியும் இல்லாமல் சுத்தமான மீன் என்று பலகை எழுதி வைக்க எனக்கு மனம் வராது.

இப்போது திண்டுக்கல்லில் ஒரு கடை போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இடம் பார்த்தாயிற்று, ஐஸுக்கும் சொல்லியாயிற்று. மேசைக்குத்தான் ஆள் வேண்டும். எங்கள் கடையின் மூத்த அக்கா இரண்டு பெண்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். அவர் சரி என்று சொன்ன பிறகு தேதி குறிக்கலாம் என்று கூட்டாளிகளிடம் சொல்லியிருக்கிறேன்.