தோளுக்குள் ஒரு பை

எனக்கு 53 வயது. கோட்டையூரில் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டை. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன வருடம் ஆடியில் ஒரு நாள் பரணில் இருந்த பித்தளைத் தூக்கை எடுக்க வலது கையை உயர்த்தினேன். காதுக்கு மேல் போகவில்லை. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஒரு மாதத்தில் கொண்டை போட முடியவில்லை. புடவை முந்தானையைப் பின்னால் கொண்டுவந்து செருக முடியவில்லை. ராத்திரிதான் பெரும்பாடு. அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும். இரண்டு மணிக்கு எழுந்து முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். மகள் வந்து, "ஆத்தா, இன்னும் தூங்கலையா?" என்று கேட்கும்போது அழுகை வந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் ஒரு தப்புச் செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு இழுத்துவிடுகிற ஒருவரிடம் போனேன். அவர் முட்டியை என் விலாவில் ஊன்றிக் கையை மேலே இழுத்தார். அதற்கப்புறம் மூன்று வாரம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அதுவரை காதுவரை போன கை, தோள்மட்டத்தோடு நின்றது.

காரைக்குடியில் எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எலும்பு தேயவில்லை என்றார். அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பயம்தான் கூடியது. அவர் செய்த சோதனை எளிமையானது. முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். இடது கை நன்றாகத் திறந்தது. வலது கை அசையவே இல்லை. அவரே பிடித்துத் திருப்பிப் பார்த்தார், அதே இடத்தில் நின்றது. தசைநார் கிழிந்திருந்தால் நம்மால் தூக்க முடியாவிட்டாலும் அடுத்தவர் தூக்கினால் பெரும்பாலும் கை போகும். இதில் யார் தூக்கினாலும் போகாது, இது ஃப்ரோசன் ஷோல்டர், தோள் மூட்டு இறுகிப்போகிற நோய் என்றார். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வரும், பெண்களுக்குக் கூடுதல், சர்க்கரை இருந்தால் இன்னும் கூடுதல்.

அது என்ன என்று எனக்குப் புரியவைத்தது பிசியோதெரபி பார்த்த பெண். தேவகோட்டைப் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும். "ஆச்சி, பணியாரச் சட்டிக் குழியில பெரிய எலுமிச்சம்பழத்தை வச்சா எப்படி இருக்கும்? அதுதான் உங்க தோள் மூட்டு" என்றது. குழி ஆழமில்லை, உருண்டை பெரிது. அதனால்தான் உடம்பில் வேறெந்த மூட்டையும்விட இது அதிகமாகச் சுழல்கிறது. உருண்டையையும் குழியையும் சுற்றி ஒரு பை இருக்கிறது, அதை மூட்டு உறை என்கிறார்கள். அதன் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்தப் படலம் முட்டையின் வெள்ளைக்கரு போன்ற வழுவழுப்பான நீரைச் சுரக்கிறது. எலும்பு முனையில் உள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாதாம், அதற்குச் சாப்பாடு பெரும்பாலும் இந்த நீர்தானாம். நுரையீரலையும் இதயத்தையும் சுற்றியும் படலங்கள் உண்டு. அவை வேறு வகை, ஆனால் உரசாமல் வழுக்கவிடுகிற வேலை ஒன்றுதான் என்றது அந்தப் பெண்.

அந்தப் பை அக்குள் பக்கம் தளர்வாக மடிந்து தொங்க வேண்டும். ஜாக்கெட்டில் கை தூக்கினால் விரிவதற்குத் துணி விட்டுத் தைப்பார்கள் அல்லவா, அதேதான். எனக்கு அந்தப் படலம் அழன்று, அதாவது சிவந்து வீங்கி, உறை தடித்து, மடிப்பு சுருங்கிவிட்டது. நல்ல தோள் மூட்டுக்குள் ஊசி வழியாக 15 மில்லிக்கு மேல் திரவம் ஏற்றலாம். இறுகிய தோளில் 10 மில்லி ஏறுவதே கஷ்டம். இதைக் கேட்டதும் அந்த ஆள் ஏன் இழுத்திருக்கக் கூடாது என்று எனக்கு விளங்கியது. அழன்று கிடக்கிற பையை முரட்டுத்தனமாக இழுத்தால் இன்னும்தான் அழலும்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். சர்க்கரை ஏறும் என்று முன்னாலேயே மருத்துவர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் 280 காட்டியது. நாலைந்து நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. சர்க்கரை உள்ளவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ராத்திரித் தூக்கம் திரும்பியது அந்த ஊசிக்கு அப்புறம்தான்.

பிறகு பயிற்சி. முதலில் வெந்நீர் ஒத்தடம். அப்புறம் இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலது கையில் சின்னச் செம்பைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல்போல் ஆடவிட வேண்டும். பாஸ்டன் மருத்துவர் காட்மன் பெயரில் வழங்கும் பயிற்சியாம் இது. 1934இல் இந்த நோய்க்கு ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயர் வைத்தவரும் அவர்தானாம். அடுத்தது கப்பி. கடையில் வாங்கச் சொன்னார்கள். எங்கள் பின்கட்டுக் கிணற்றில் மோட்டார் போட்டதிலிருந்து சும்மா கிடந்த ராட்டினத்தை என் வீட்டுக்காரர் கழற்றி, எண்ணெய் விட்டு, உத்தரத்தில் கட்டிக் கயிறு மாட்டிக் கொடுத்தார். நல்ல கையால் இழுத்தால் வலிக்கிற கை மேலே போகும். காலையில் இருபது தடவை, மாலையில் இருபது.

மூன்றாவதாகச் சுவரில் விரலால் ஏறுவது. சுவரைப் பார்த்து நின்று, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நண்டுபோல் மேலே நடக்க வேண்டும். எங்கள் பட்டாலை, அதாவது கூடத்துச் சுவர், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய பழைய சுவர், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். பென்சில் பிடிக்காது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் விரல் எட்டின உயரத்தில் ஓர் ஒட்டுப்பொட்டை ஒட்டினேன்.

முதல் ஏழு வாரப் பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் கிடந்தன. வலி குறைந்துவிட்டது, ஆனால் கை நகரவில்லை. மனசு விட்டுப்போகிற காலம் இதுதான். இதற்கு மூன்று கட்டம் உண்டு, வலித்து இறுகும் காலம், வலி தணிந்து இறுகியே நிற்கும் காலம், இளகும் காலம், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள் என்றது அந்தப் பெண். மொத்தம் ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாமாம். வலி ராத்திரிவரை தங்கினால் அன்று அதிகம் செய்துவிட்டோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது. நான் அதைத்தான் அளவாகப் பிடித்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பொட்டு இரண்டு விரல்கடை ஏறியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனியில் நானே கொண்டை போட்டேன். ஆவணியில் பரணிலிருந்து அந்தத் தூக்கை எடுத்தேன்.

இடது கை எட்டும் உயரத்தில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கிறேன். வலது கைக்கு இன்னும் மூன்று விரல்கடை பாக்கி. ராட்டினம் உத்தரத்திலேயே இருக்கிறது.