மேன்ஹோலுக்கு மேலே நிற்பவர்

ஃபெயில் என்று எழுதியது நான்தான். அதை மாற்றி எழுதும் எண்ணம் இப்போதும் இல்லை. ஆனாலும் ஃபைலைப் புரட்டும்போது அந்தத் தாள் வந்தால் கை தானாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

மாக் டிரில்தான், வெறும் ஒத்திகை. காலி டேங்க். கழுவி, புளோயர் ஓடவிட்டு, மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் கேஸ் டெஸ்ட் முடிந்திருந்தது. மீட்டரில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், வெளிக்காற்றில் இருக்கிற அதே அளவு. உள்ளே போகிற ஆளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவைத்தேன்: தடுப்புத் தகட்டைத் தாண்டியதும் படுத்துவிடு, யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே. டேங்க்குக்குள் ஆள் இறங்கும் மேன்ஹோல் வாசலில் ஹோல் வாட்சாக, அதாவது காவலாக, நிற்பவர் என்ன செய்கிறார் என்பதுதான் பரீட்சை. கூப்பிட வேண்டும், வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும், உள்ளே போனவர் முதுகில் மாட்டிய கயிற்றை இழுக்கும் வின்ச்சைச் சுற்ற வேண்டும். என்ன ஆனாலும் உள்ளே மட்டும் போகக் கூடாது.

முதலில் வாசலில் நின்ற அண்ணன் 11 வினாடியில் உள்ளே போய்விட்டார்.

ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது. பேரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார், அவ்வளவுதான். அடுத்து நான் பார்த்தது ஏணியில் இறங்கும் அவர் ஹெல்மெட்டைத்தான். படுத்திருந்தவன் கயிற்றைக் கழற்றிவிட்டிருந்தான். தகட்டில் சிக்குகிறது என்று எல்லோரும் செய்கிற வேலைதான் அது. அண்ணன் அவனை மேன்ஹோலுக்கு நேர் கீழே இழுத்து வந்து, முதுகு வளையத்தில் கொக்கியை மாட்டி, "சுத்து" என்று கத்தினார். மேலே நின்ற ஹெல்பர் சுற்றினான். இரண்டரை நிமிடத்தில் ஆள் வெளியே. சிரித்துக்கொண்டே வந்தான்.

அடுத்ததாக, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். வகுப்பில் சொன்னதை அப்படியே செய்தான். கூப்பிட்டான், வாக்கியில் சொன்னான், வின்ச்சைச் சுற்றினான். வெறும் கொக்கி ஆடிக்கொண்டே மேலே வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல், நின்றான். ரெஸ்க்யூ டீம் வந்து, மூச்சுக்காற்று சிலிண்டரும் மாஸ்க்கும் உள்ள பி.ஏ. செட் மாட்டி, மாஸ்க்கில் லீக் பார்த்து, இறங்கி ஆளை எடுக்க 7 நிமிடம். மூச்சு நின்றுபோனால் மூளைக்கு நாலு நிமிடம்தான் என்று காலையில் நானே போர்டில் எழுதியிருந்தேன். அதை யாரும் அழித்திருக்கவில்லை.

ஆக, பாஸானவனை நம்பி உள்ளே போனவன் கணக்குப்படி செத்துப்போனான். ஃபெயிலானவரை நம்பிப் போனவன் சிரித்துக்கொண்டு வந்தான். இதை வைத்துக்கொண்டு மதியம் வகுப்பெடுக்க வேண்டும்.

எடுத்தேன். முதல் ஆளை விழவைத்த காற்று இரண்டாம் ஆளையும் விழவைக்கும் என்றேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு, அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போனதைக் கேஸ் போனதாக நினைத்து இறங்குவார்கள். நைட்ரஜனுக்கு நாற்றமே கிடையாது. அது நிறைந்த டேங்க்கில் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டுவிடுவான். பத்து நிமிடத்துக்கு முன் மீட்டர் காட்டியது பத்து நிமிடத்துக்கு முந்தைய காற்றைத்தான். அடியில் கிடக்கும் கசடை ஒரு மிதி மிதித்தால் அதற்குள் அடங்கியிருந்தது கிளம்பி வரும். அப்புறம் நான் எப்போதும் சொல்கிற கணக்கு: இப்படிப்பட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இலேயே எழுதிவிட்டது. அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். வழக்கம் அது.

அன்றைக்கு அண்ணன் கையைத் தூக்கினார். "அந்த அறுபது பேரும் முட்டாளுங்க, அப்படித்தானே சார்?"

"இல்லண்ணே. அவசரப்பட்டவங்க."

"அவசரப்படாம என்னத்தக் காப்பாத்தறது?"

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்து அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இது இல்லை. எல்லோரும் போன பிறகு டிரைபாட்டை மடக்கிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு காலைப் பிடித்திருந்தார், நான் பின்னை உருவிக்கொண்டிருந்தேன். "மீட்டரை நான்தானே சார் பாத்தேன், 20.9. அதான் இறங்கினேன்" என்றார். நியாயம்தான். நல்ல காற்றை வைத்துவிட்டு, கெட்ட காற்று என்று நினைத்துக்கொள் என்று நான் கேட்டிருக்கிறேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"நிஜமா இருந்தா இறங்கியிருக்க மாட்டீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பொய் சொல்ல அவருக்கு நான் நேரம் கொடுத்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. "அப்பவும் இறங்கியிருப்பேன்" என்றார். "ஃபெயில் போட்டுக்கோங்க. ஆனா ஒண்ணு சார். நான் மேல நிக்கும்போது உள்ள போறவன் ஒருத்தனும் பயந்ததில்ல. அந்தப் பையன நிக்கவெச்சா எவன் இறங்குவான்?"

பதில் எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. பயமில்லாமல் போவதுதானே பிரச்சினை? அண்ணன் இருக்கிறார் என்ற தைரியத்தில்தானே கயிற்றைக் கழற்றுகிறார்கள்? அவர் மேலே நிற்பதே கொக்கி மாட்டாததற்கு ஒரு காரணம் இல்லையா? நல்ல பதில். சொல்ல வேண்டிய ஆளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நடந்ததும் அப்படித்தான். அண்ணனை வாசல் வேலையிலிருந்து எடுத்துவிட்டுப் பையனைப் போட்டதும், ஒருத்தரும் கயிற்றைக் கழற்றுவதில்லை. தகட்டில் சிக்குகிறது என்று வருடக்கணக்காக வராத புகார் இரண்டே வாரத்தில் எழுத்தில் வந்தது. விளிம்பில் ஒரு உருளை வைத்துக் கொடுத்தோம், சிக்கல் தீர்ந்தது. இவன் இறங்கி வரமாட்டான் என்று தெரிந்துகொண்டு அவரவர் உயிரை அவரவர் பார்த்துக்கொள்கிறார்கள். ட்ரெயினிங் எங்கே நடந்தாலும் நான் இதை எடுத்துச் சொல்கிறேன். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த 7 நிமிடம் பையனுடையது இல்லை, என்னுடையது. பி.ஏ. செட்டுகளை யார்டின் அந்தக் கோடியில் வைத்திருந்தது நான். இப்போது மேன்ஹோல் பக்கத்தில் செட் வந்து இறங்காமல் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. அன்றைக்கே அப்படி இருந்திருந்தால் அண்ணன் 11 வினாடியில் இறங்கியிருப்பாரா? தெரியாது, இறங்கியிருக்கவும் கூடும். ஆனால் உதவி வரும் என்று நம்ப அவருக்கு நான் எந்தக் காரணமும் கொடுக்கவில்லை. மதிப்பெண் ஃபாரத்தில் ஹோல் வாட்சுக்குப் பன்னிரண்டு கட்டம் இருக்கிறது. டிரில் நடத்துகிறவனுக்கு ஒன்றுகூட இல்லை.

சரி, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் செய்தது தப்பு. அடுத்த முறை காற்று நல்லதாக இருக்காது.

போன மாதம் வெல்டிங் பார்க்க நானே உள்ளே இறங்க வேண்டியிருந்தது. பெர்மிட், மீட்டர், எல்லாம் சரி. வாசலில் அந்தப் பையன், ஒரு கை கயிற்றில், இன்னொரு கையில் வாக்கி. என் முதுகுக் கொக்கியை நானே ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன், பையனைப் பார்க்கச் சொல்லி இன்னொரு தரம். தகட்டைத் தாண்டி டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். மேன்ஹோல் வட்டத்தின் ஓரத்தில் பையனின் ஷூ தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி, முனை தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு பளபளக்கிற பழைய ஷூ. யாருடையது என்று எனக்குத் தெரியும். பெர்மிட்டில் பேர் இல்லாத ஆள் மேன்ஹோல் பக்கத்தில் நிற்கக் கூடாது. வாக்கியில் ஒரு வார்த்தை சொன்னால் பையன் அவரை அனுப்பியிருப்பான்.

வாக்கி இடுப்பிலேயே இருந்தது. நான் வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.